கியோட்டோவா, இஸ்தான்புல்லா? அம்மாவையும் அழைத்துப் போகும் ஒருவருக்குப் பதில்

கேள்வி கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர். மே மாதக் கடைசியில் ஒன்பது நாள் லீவு. அவர், கணவர், பத்தாவது முடித்த மகன், 68 வயது அம்மா என நான்கு பேர். அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். முழங்கால் வலி உண்டு, மெதுவாக நடப்பார். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஊர், பேர் விசாரிக்காமல் இருக்கமாட்டார். மகனுக்கு அனிமேயும் வீடியோ கேமும், கணவருக்குக் கடைத்தெரு, இவருக்குப் பழைய கட்டடங்கள். யாருடைய பாஸ்போர்ட்டிலும் அமெரிக்க, ஐரோப்பிய விசா கிடையாது. கியோட்டோ, இஸ்தான்புல் இரண்டில் எது என்பதுதான் கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நால்வருக்கு இஸ்தான்புல். நீங்களும் கணவரும் மட்டும் என்றால் யோசிக்காமல் கியோட்டோ என்றிருப்பேன். இந்த இரண்டு ஊரையும் "எது அழகு" என்று தராசில் வைத்தால் விடை கிடைக்காது. கியோட்டோவை நடந்து பார்க்க வேண்டும். இஸ்தான்புல்லை உட்கார்ந்தும் பார்க்கலாம். கியோட்டோவில் யாரும் உங்களைத் தொந்தரவு செய்யமாட்டார்கள், இஸ்தான்புல்லில் யாரும் உங்களைச் சும்மா விடமாட்டார்கள். இந்த இரண்டும்தான் என் கணக்கு. கூட வருகிறவர்களில் யாருக்கு எது களைப்பு தரும் என்று பார்த்தால் போதும்.

பருவம் இதில் தீர்ப்புச் சொல்லாது. மே கடைசியில் இரண்டு ஊரும் இதமாக இருக்கும். ஜப்பானில் ஏப்ரல் 29 முதல் மே முதல் வாரம் வரையிலான விடுமுறைக் கூட்டம் வடிந்திருக்கும், மழைக்காலம் ஜூனில்தான். ஆனால் அந்த நாட்களில் நாடெங்கும் இருந்து பள்ளிப் பிள்ளைகள் சீருடையில் கியோட்டோவுக்குச் சுற்றுலா வருவார்கள். முக்கியமான கோயில்களில் அந்தக் கூட்டத்தை எதிர்பாருங்கள். துருக்கி என்றால் பக்ரீத் தேதியைப் பாருங்கள். 2026இல் மே 27, 2027இல் மே 16. அங்கே அது நான்கு நாளுக்கு மேல் நீளும் அரசு விடுமுறை. பெரிய பஜார் மூடியிருக்கும், படகுகள் நிரம்பி வழியும். கணவரின் கடைத்தெரு ஆசை முழுக்க அந்த ஒரு தேதியில் அடிபட்டுப்போகும். அதனால் விடுமுறையை ஒரு வாரம் முன்னே பின்னே நகர்த்த முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று கடிகாரம். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். வீட்டில் காலை ஆறு மணிக்கு எழும் உடம்பு அங்கே ஒன்பதரைக்குத்தான் கண் விழிக்கும். ஆனால் கியோட்டோவின் நல்ல நேரம் விடியற்காலை. மே கடைசியில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். கியோமிசு கோயில் காலை ஆறுக்கே திறக்கிறது, ஃபுஷிமி இனாரி கோயிலின் சிவப்புத் தோரண வாயில்கள் இரவும் பகலும் திறந்திருக்கும். ஏழு மணிக்கு அங்கே போகிறவர் பார்ப்பதும் பதினொன்றுக்குப் போகிறவர் பார்ப்பதும் வேறு வேறு ஊர் என்றே சொல்லலாம். பெரும்பாலான கோயில்கள் மாலை நாலரை, ஐந்துக்குள் கதவைச் சாத்திவிடும். ஆக, தாமதமாக எழுந்தால் கூட்டத்தில் மூன்று இடம் பார்ப்பதற்குள் நாள் முடிந்துவிடும்.

இஸ்தான்புல் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே சிக்கல் தலைகீழ். விடியற்காலை மூன்றரைக்கே முழிப்புத் தட்டும், சாயங்காலம் ஏழரைக்குக் கண் சொக்கும். ஆனால் அந்த ஊர் மாலையில்தான் களைகட்டும். மே கடைசியில் எட்டேகாலுக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. இந்தச் சிக்கலைச் சமாளிப்பது சுலபம், மதியம் ஒரு மணி நேரம் தூங்கினால் சரியாகிவிடும். வயதானவர் எப்படியும் மதியம் படுக்க விரும்புவார். கியோட்டோவில் அதே தூக்கம் போட்டால் அன்றைய கோயில் போச்சு.

இனி உங்களுக்குப் பிடித்த கட்டடங்களுக்கு வருவோம். இரண்டு ஊரும் பழைய தலைநகரங்கள்தான். ஆனால் "பழையது" என்பதை இரண்டும் காப்பாற்றும் விதம் வேறு. கியோட்டோ 794இல் தலைநகரானது, ஆயிரம் வருடத்துக்கு மேல் பேரரசரின் ஊராக இருந்தது. ஆனால் எல்லாம் மரம். 1467 முதல் 1477 வரை நடந்த ஓனின் உள்நாட்டுப் போரில் நகரத்தின் பெரும் பகுதி எரிந்துபோனது. இன்று நாம் பார்க்கும் கியோமிசு கோயிலின் மர மேடை 1633இல் கட்டியது. தங்க முலாம் பூசிய கின்காகுஜி கோயிலை 1950இல் ஓர் இளம் துறவி தீவைத்து எரித்தார். இப்போது குளத்தில் நிழல் விழும் கட்டடம் 1955இல் எழுந்தது. அதனால் அது போலி என்று ஆகாது. அங்கே வடிவமும் தச்சுமுறையும் தொடர்கின்றன, மரம் மட்டும் மாறுகிறது. இரண்டாம் உலகப் போரில் அணுகுண்டு இலக்குப் பட்டியலில் இந்த ஊரும் இருந்தது. அமெரிக்கப் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் பிடிவாதமாக நீக்கச் சொன்னதால் தப்பியது.

இஸ்தான்புல்லில் கல் அப்படியே இருக்கிறது, உபயோகம்தான் மாறிக்கொண்டே வருகிறது. ஹாகியா சோபியா 532இல் தொடங்கி 537இல் முடிந்தது. கட்டி இருபது வருடம் சொச்சத்தில், 558இல், குவிமாடக் கூரை இடிந்து விழுந்தது. மறுபடி உயர்த்திக் கட்டினார்கள். தொள்ளாயிரம் வருடம் தேவாலயம், 1453இல் உஸ்மானியர் நகரைப் பிடித்ததும் மசூதி, 1935 முதல் அருங்காட்சியகம், 2020 முதல் மறுபடி மசூதி. சுமார் 31 மீட்டர் அகலக் கூரை, தரையிலிருந்து 55 மீட்டர் உயரத்தில், கீழே ஒரு தூண்கூட இல்லாமல் மிதப்பதுபோல் நிற்கிறது. அதன் அடிவட்டத்தில் 40 ஜன்னல்கள், அவற்றின் வழியே ஒளி வரும்போது கூரை சுவரில் உட்காரவே இல்லை என்று தோன்றும். ஆனால் இப்போது வெளிநாட்டுப் பயணிகள் மேல்தளத்தில் இருந்துதான் பார்க்க முடியும். 2024 ஜனவரி முதல் அதற்கு 25 யூரோ கட்டணம். மேல்தளத்துக்கு ஏறுவது அம்மாவின் முழங்காலுக்குச் சிரமம். என்னைக் கேட்டால் அவரை சுலைமானியே மசூதிக்கு அழைத்துப் போங்கள். கட்டடக் கலைஞர் சினான் 1557இல் முடித்தது, கட்டணம் கிடையாது, கூட்டம் குறைவு, கம்பளத்தில் ஓரமாக உட்காரலாம். மலைமேல் இருப்பதால் வாசல்வரை டாக்ஸியில் போய்விடுங்கள். தலைக்கு ஒரு துப்பட்டா போதும். தொழுகை நேரம் தவிர்த்து, குறிப்பாக வெள்ளிக்கிழமை மதியம் தவிர்த்துப் போங்கள். செருப்பை வெளியே விடுவது இரண்டு ஊரிலும் உண்டு, அது நமக்குப் புதிதல்ல.

செலவைப் பற்றிப் பரவலாக ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. ஜப்பான் என்றால் கொள்ளை விலை, துருக்கி என்றால் மலிவு என்பார்கள். யென் விழுந்துகிடக்கும் இந்த வருடங்களில் அது பாதி உண்மைகூட இல்லை. கியோட்டோவில் பெரிய கோயில்களின் நுழைவு 500, 600 யென் அளவில்தான், நம் பணத்தில் முந்நூறு, நானூறு ரூபாய்க்குள். ஃபுஷிமி இனாரிக்குக் கட்டணமே இல்லை. இஸ்தான்புல்லில் லிரா மதிப்பிழந்தாலும் வெளிநாட்டவருக்கான டிக்கெட் விலை யூரோவோடு சேர்ந்தே ஏறுகிறது. ஹாகியா சோபியாவுக்கு நான்கு பேருக்கு 100 யூரோ. டோப்காபி அரண்மனை (செவ்வாய் விடுமுறை), 336 தூண்கள் உள்ள நிலத்தடி நீர்த்தேக்கம் எல்லாம் அதே ரகம். பழைய கட்டுரைகளில் லிரா கணக்கில் போட்டிருக்கும் எந்த விலையையும் நம்பாதீர்கள், அங்கே பணவீக்கம் அப்படி. கியோட்டோவில் அடிபடுவது தங்கும் அறையில். தங்குமிட வரியும் 2026 மார்ச் முதல் உயர்ந்திருக்கிறது, உயர்தர ஹோட்டல் என்றால் நன்றாகவே தெரியும்.

இப்போது சாப்பாடு. உங்கள் பயணத்தைக் கெடுக்கவோ காப்பாற்றவோ போவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கியோட்டோவில் சைவம் பல நூறு வருடப் பழக்கம். புத்த மடங்களின் சமையல் முறையில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. அராஷியாமாவில் தென்ரியூஜி கோயில் வளாகத்துக்குள்ளேயே அப்படி ஒரு உணவகம் இருக்கிறது. சின்னச் சின்னக் கிண்ணங்களில் எள் டோஃபு, காய், ஊறுகாய் என்று வரும். அருமையான சாப்பாடு, ஆனால் விலை அதிகம், தினமும் சாப்பிட முடியாது. சாதாரணக் கடையில்தான் பிரச்சினை. ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு தாஷி. அதைப் பெரும்பாலும் காய வைத்துச் சீவிய மீனில் எடுக்கிறார்கள். நூடுல்ஸ் குழம்பு, மிசோ சூப், வேகவைத்த காய், தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் அது இருக்கும். "மாமிசம் இல்லை" என்று கடைக்காரர் உண்மையாகவே சொல்வார், மீன் சாறு அவர் கணக்கில் வராது. அம்மாவுக்கு இது தெரியாமல் இருந்தால் ஒன்றுமில்லை, மூன்றாம் நாள் தெரியவந்தால் மீதி நாள் பழமும் பிரெட்டும்தான்.

இஸ்தான்புல்லில் தெருவெங்கும் இறைச்சி வாசம் வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்துத் தரும் காய்கறி வகை அவர்களுக்குத் தனிப் பிரிவு. பீன்ஸ், கூனைப்பூ (ஆர்டிசோக்), வெங்காயமும் தக்காளியும் அடைத்த கத்தரிக்காய், சாதம் பொதிந்த திராட்சை இலை. ஆறிய நிலையில் தருவது பெரும்பாலும் இறைச்சி இல்லாதது, சூடாக வரும் இலைப் பொதியில் கொத்துக்கறி இருக்கலாம். காலை உணவு ஒரு பெரிய விருந்து: பாலாடைக்கட்டி, ஆலிவ், தக்காளி, வெள்ளரி, தேன், பாலேடு, எள் தூவிய வளைய ரொட்டி சிமித். முட்டையை மட்டும் வேண்டாம் என்றால் போதும். பருப்பு சூப் எல்லாக் கடையிலும் உண்டு. ஆனால் சில கடைகளில் எலும்புச் சாறு ஊற்றுவார்கள், சாதத்தைக் கோழிச் சாற்றில் வேகவைக்கும் வழக்கமும் உண்டு. இரண்டையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். தயிர் கெட்டியாகக் கிடைக்கும். அய்ரான் என்று விற்பது உப்புப் போட்ட மோரேதான். தயிரும் மோரும் கிடைக்கிற ஊரில் நம் வீட்டு அம்மாக்கள் பட்டினி கிடந்து நான் பார்த்ததில்லை.

கழிப்பறை விஷயத்தில் இரண்டு ஊருமே ஐரோப்பாவைவிட நமக்குச் சௌகரியம், இரண்டிலும் தண்ணீர் உண்டு. கியோட்டோவில் இலவசம், சுத்தம். இஸ்தான்புல்லில் பொதுக் கழிப்பறைக்குச் சில்லறை கொடுக்க வேண்டியிருக்கும்.

நடையைப் பற்றி. கியோட்டோவின் நடுப்பகுதி சமதரை, சீனத் தலைநகர் சாங்கானைப் பார்த்துக் கட்டம் கட்டமாகப் போட்ட தெருக்கள். ஆனால் பார்க்க வேண்டிய கோயில்கள் பெரும்பாலும் ஊரைச் சுற்றிய மலையடிவாரத்தில். கியோமிசுவுக்கு ஏற்றம், இனாரிக்குப் படிக்கட்டு, தோட்டங்களில் சரளைக் கல். சுரங்க ரயில் இரண்டே தடம்தான், அதனால் எல்லோரும் பஸ்ஸில் ஏறுகிறார்கள், உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். நான்கு பேருக்கு பஸ் டிக்கெட் 920 யென் ஆகும். கிட்டத்து இடங்களுக்கு டாக்ஸி அதைவிட ரொம்ப அதிகமில்லை, மீட்டரில் ஏமாற்றுவதும் இல்லை. அங்கே போவதானால் டாக்ஸியே எடுங்கள்.

இஸ்தான்புல் ஏழு குன்றுகளின் ஊர். கருங்கல் பதித்த சரிவுகள் முழங்காலுக்கு எமன். பிறகு ஏன் அதைச் சொல்கிறேன் என்றால், படகு. ஊரை இரண்டாகப் பிளக்கும் பொஸ்பரஸ் நீரிணையில் பஸ் மாதிரி படகு ஓடுகிறது. ஊர்க்காரர்கள் ஆபீஸ் போவதும் அதில்தான். இஸ்தான்புல்கார்ட் என்ற அட்டையைத் தட்டினால் போதும், கட்டணம் மிகக் குறைவு. ஐரோப்பியக் கரையில் எமினோனு துறையில் ஏறினால் இருபது நிமிடத்துக்கு மேல் கொஞ்சத்தில் ஆசியக் கரையில் காடிகோய். போகும் வழியில் டோப்காபி, ஹாகியா சோபியா, நீல மசூதியின் ஆறு மினார்கள், கலாட்டா கோபுரம் எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். கண்ணாடி டம்ளரில் டீ வரும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எந்த ஊர் என்று கேட்பார். உங்கள் அம்மா பதில் சொல்வார், எந்த மொழியில் என்பது அவர் பாடு. வயதான பெண்மணியை அத்தை முறை வைத்துக் கூப்பிட்டு எழுந்து இடம் கொடுப்பது அங்கே சாதாரணம்.

அதனால் காடிகோயில், படகுத்துறைக்குப் பக்கத்துச் சமதரையில் தங்குங்கள். சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் ஹாகியா சோபியா இருக்கும் சுல்தானஹ்மதில் தங்குவார்கள், இரவு எட்டுக்கு மேல் அங்கே கம்பளக் கடைக்காரர்கள்தான் இருப்பார்கள். காடிகோய் ஊர்க்காரர்களின் இடம். மீன், காய், ஆலிவ், ஊறுகாய் என்று ஒரு சந்தையே உண்டு, கணவர் அங்கேயே திருப்தியாகிவிடுவார். தினமும் இரண்டு முறை படகு என்பதும் இதில் சேர்கிறது. ஒரு நாளை எமினோனுவிலிருந்து வடக்கே அனடோலு கவாகி வரை போய்வரும் நீண்ட படகுக்கு ஒதுக்குங்கள். தனியார் சொகுசுப் படகு வேண்டாம், நகரப் படகு நிறுவனத்தினுடையதே போதும். போகும்போதும் வரும்போதும் இடது பக்கம் உட்காருங்கள். போகையில் ஐரோப்பியக் கரையில் டோல்மாபாச்சே அரண்மனையும், நீரிணை சுமார் 700 மீட்டராக ஒடுங்கும் இடத்தில் 1452இல் கட்டிய ருமேலி கோட்டையும் வரும். திரும்புகையில் அதே பக்கத்தில் ஆசியக் கரையின் மர மாளிகைகள்.

பேச்சுக்காரர்கள் ஊர் என்பதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷூ பாலிஷ் போடுபவர் முன்னால் நடந்து போகையில் பிரஷ்ஷைக் கீழே போடுவார். எடுத்துக் கொடுத்தால் நன்றிக்கு பாலிஷ் போட்டுவிட்டு வீட்டுக் கஷ்டம் சொல்லிப் பணம் கேட்பார். இது பழைய நாடகம், எடுக்காமல் நடையைக் கட்டுங்கள். டாக்ஸியில் மீட்டர் தகராறு சகஜம். சுலைமானியே மாதிரி ஏற்றத்துக்கு டாக்ஸி தேவைப்பட்டால் செயலி வழியே கூப்பிடுங்கள், மற்றபடி டிராமும் படகும் போதும். கடைகளில் பேரம் உண்டு, டீ குடித்ததற்காக வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதெல்லாம் சிலரை நொந்துபோக வைக்கும். அப்படிப்பட்டவர்களுக்குக் கியோட்டோ சொர்க்கம். மரியாதையும் நிசப்தமும் உண்டு, நெருக்கம் கிடையாது. தெரிந்தவர் அறிமுகம் செய்யாமல் புதியவரை உள்ளே விடாத தேநீர் விடுதிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. கெய்ஷாக்களுக்குப் பேர்போன கியோன் பகுதியின் தனியார் சந்துகளில் 2024 முதல் பயணிகளுக்குத் தடை. எனக்கு அந்த விலகல் பிடிக்கும். உங்கள் அம்மாவுக்கு நான்காம் நாளே போரடிக்கும் என்று நினைக்கிறேன்.

மகனுக்கு நஷ்டம்தான், மறைக்கவில்லை. நின்டெண்டோ 1889இல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்ய ஆரம்பித்த கம்பெனி. 2024 அக்டோபரில் பக்கத்து உஜியில் அருங்காட்சியகமும் திறந்துவிட்டார்கள். டிக்கெட் மாதக்கணக்கில் முன்னதாகவே குலுக்கல் முறையில் தருவதால் அங்கே போனாலும் உறுதியில்லை என்பதைச் சொல்லிச் சமாதானப்படுத்துங்கள். இஸ்தான்புல்லில் ரஹ்மி கோச் அருங்காட்சியகத்தில் நிஜ நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு அரை நாள் கொடுக்கலாம்.

மத்தியத் துருக்கியின் கப்படோக்கியாவில் வெப்பக்காற்று பலூனில் பறப்பதை இதில் சேர்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். விமானத்தில் போக, தங்க, திரும்ப என்று ஒன்றரை நாள் போகும், காற்று சரியில்லை என்றால் பலூன் எழும்பாது. நான் சேர்க்கமாட்டேன்.

கடைசியாக விசா, என் தீர்ப்பைப் புரட்டிப்போடக்கூடியது இது ஒன்றுதான். துருக்கியின் இ-விசா இந்தியர்களுக்கு அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவோ வசிப்புரிமையோ செல்லுபடியாக இருந்தால் மட்டும்தான். உங்களிடம் அது இல்லை. எனவே விசா மையத்தில் காகிதங்கள் கொடுத்து ஸ்டிக்கர் விசா வாங்க வேண்டும். "உடனடி இ-விசா" என்று பணம் கேட்கும் இணையதளங்கள் பக்கம் போகாதீர்கள். 2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதலில் துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்றதால் அங்கே போவதில்லை என்று முடிவெடுத்தவர்கள் நம்மில் உண்டு. உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இருந்தால் டிக்கெட்டுக்கு முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஜப்பான் விசாவும் மையம் வழியாகத்தான், ஆனால் வருமானக் காகிதங்கள் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. இரண்டு ஊருக்கும் சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது, வளைகுடா வழியாகவோ சிங்கப்பூர் பக்கமாகவோ மாறித்தான் போக வேண்டும்.

எனவே இப்படிச் செய்யுங்கள். துருக்கி விசாவுக்கு இரண்டரை, மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். கையோடு கியோட்டோவில், கட்டணமில்லாமல் ரத்து செய்யும் வசதியுள்ள ஒரு அறையையும் பிடித்து வையுங்கள், சின்ன அடுப்படி உள்ளதாக, கராசுமா சுரங்க ரயில் தடத்தை ஒட்டி. ஜப்பான் விசாவுக்கும் அதே பாஸ்போர்ட் வேண்டும் என்பதால், பயணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது துருக்கி விசா வந்திருக்காவிட்டால் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அப்புறம் தயங்காமல் கியோட்டோ. அங்கே சூடாக்கினால் போதும் என்ற சாதப் பொட்டலமும் சர்க்கரை சேர்க்காத தயிரும் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். பருப்புப் பொடி, ஊறுகாய் எடுத்துப் போங்கள், பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம், தாவரச் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். ஒரு நாள் நாராவுக்கும் போய்வாருங்கள், ரயிலில் முக்கால் மணி நேரம். தோதாய்ஜி கோயிலில் இருக்கும் சுமார் 15 மீட்டர் உயரப் புத்தருக்கு 752இல் கண் திறந்து வைத்த போதிசேனர் தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்பது மரபு. அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள், அங்கே திரியும் மான்களுக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டே கேட்பார். அந்த இடம் சமதரைதான்.